வாரம் ஒரு புதனா, வருடத்துக்கு ஒரு மாதமா?

சென்னைப் புத்தகக் காட்சி நடப்பது ஜனவரியில் என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் அரங்கு போடுவதற்குள் புத்தகம் கைக்கு வந்திருக்க வேண்டும், அதற்கு டிசம்பரில் அச்சகத்துக்குப் போக வேண்டும், அதற்கு நவம்பரில் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம், முடிய வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், எல்லாச் சுமையும் கடைசியில் எழுதுகிறவரின் தூக்கத்தின் மேல்தான் வந்து உட்காரும். நான் 11 வருடமாக மொழிபெயர்ப்பும் பத்திரிகைக் கட்டுரைகளும் எழுதிப் பிழைக்கிறவள். இதற்குள் இரண்டு முறை முழுசாகத் தீர்ந்துபோயிருக்கிறேன். முதல் முறை ஒரு மாதத்துக்கு மேல் வேலையை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது முறைக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, எழுதுவதில்லை என்று முடிவெடுத்து இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறேன். தீர்ந்துபோகாமல் இருக்க வாரம் ஒரு நாள் விடுவதா, வருடத்துக்கு ஒரு மாதம் மொத்தமாக விடுவதா என்று கேட்டால் நான் வாரம் ஒரு நாள் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

களைப்பு வேறு, தீர்ந்துபோவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்தத் தீர்ந்துபோவதை, ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்பதை, நோய் என்று வைக்கவில்லை, வேலையால் வரும் ஒரு நிலை என்று வைத்திருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, உருப்படியாக எதையும் செய்ய முடியாமல் போவது. என்னை முதலில் உலுக்கியது அந்த இரண்டாவது அடையாளம்தான். மெய்ப்புத் திருத்துபவர் ஒரு ஒற்றெழுத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்டிருந்தார், அதைப் படித்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒற்றெழுத்துக்காக மணிக்கணக்கில் பேசக்கூடியவள் நான். அன்றைக்குத்தான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

தண்ணீர் குடிப்பது, கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது, முதுகு நேராக உட்காருவது, நடப்பது எல்லாம் இரண்டு வழிக்கும் பொது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். பணக் கணக்கும் சுலபமாகவே தெரியும்: மாதம் முழுக்க விட்டால் அந்த மாத வருமானம் போகும், வாரத்துக்கு ஒரு நாள் விட்டால் அந்த அடி தெரியாது. தனியாளாக எழுதுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த அன்றே வேலை காத்திருக்காது, அது வந்து சேர இன்னும் சில வாரம் ஆகும்.

ஒரு மாத விடுப்பில் நல்லது இல்லாமல் இல்லை. 2019இல் புத்தகக் காட்சி முடிந்த கையோடு 34 நாள் நான் எதையும் எழுதவில்லை. முதல் வாரம் தூங்கித் தீர்த்தேன். இரண்டாவது வாரத்தில் பசி திரும்பியது, சாப்பாட்டில் ருசி தெரிந்தது. மணிக்கட்டு வலி தானாகவே போனது. மூன்றாவது வாரம் ஊருக்குப் போய்ச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அந்த மாதிரி ஆழமான ஓய்வு வாரத்துக்கு ஒரு நாளில் கிடைக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தேன் பாருங்கள், என்னைப் பொறுத்தவரை எல்லாம் அங்கேதான் முடிவானது.

அந்த ஜனவரிக்குள் முடிக்க முடியாமல் போன ஒரு நாவல் மொழிபெயர்ப்பு 112ஆம் பக்கத்தில் நின்றிருந்தது. 35ஆம் நாள் காலை கோப்பைத் திறந்தால் எழுதியது யாரோ மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘யூ’ ஒன்றுதான், தமிழில் யார் யாரை நீ என்கிறார்கள், யாரை நீங்கள் என்கிறார்கள் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நாவலில் ஒரு குமாஸ்தா வீட்டுக்காரம்மாளை நீங்கள் என்றே அழைத்து வந்து, ஒரு சண்டைக்குப் பிறகு நீ என்கிறான். அதை எந்த இடத்தில் மாற்றுவதாக மனசுக்குள் வைத்திருந்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை. கிழவியின் பேச்சுக்கு ஒரு இழுவை வைத்திருந்தேன், அதுவும் போய்விட்டது. குறிப்பேட்டில் சொற்பட்டியல் இருந்தது, சரி, பட்டியலில் குரல் இருக்காதே. முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்து, உரக்க வாசித்து, அந்த ஓசை காதில் ஏற 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லை, கெடு மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் என்ன, இரவு ஒரு மணி, இரண்டு மணி என்று உட்கார்ந்து விட்டதைப் பிடித்தேன். ஏப்ரல் பாதியிலேயே பழைய களைப்பு முழுசாகத் திரும்பி வந்திருந்தது. நீண்ட விடுப்பின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துபோகிறது என்று ஆய்வு செய்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கரைந்ததற்குக் காரணம் திரும்பி வர நான் கொடுத்த விலை.

வாரத்துக்கு ஒரு நாள் விடும்போது அந்த விலை கிட்டத்தட்ட இல்லை. செவ்வாய் சாயங்காலம் எழுந்திருக்கும் முன் அடுத்து என்ன வரப்போகிறது என்று இரண்டு வரி எழுதி வைக்கிறேன், முடிந்தால் ஒரு வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். வியாழன் காலை அந்த மீதிப் பாதிதான் முதல் வேலை. பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம், பாத்திரங்களின் குரல் காதிலேயே இருக்கிறது.

ஞாயிறு ஏன் இல்லை என்றால், எங்கள் வீட்டில் ஞாயிறு விருந்தாளிகளுக்கும் விசேஷங்களுக்கும் உரியது, அதில் ஓய்வு கிடையாது. புதன் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சொல்லுவாங்க, அன்னைக்குப் போய் வேலைய நிறுத்துறியேடி” என்றார். கிடைக்காத நாள் என்பதால்தான் அதை எனக்கே வைத்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது அவரே புதன்கிழமை வரும் போனை எடுத்து “அவ நாளைக்குப் பேசுவா” என்று சொல்லிவிடுகிறார்.

அன்றைக்கு மடிக்கணினி பீரோவில். பெரும்பாலும் மாலையில் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கத்தில் இறங்கி, மெரினா மணலில் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பேன். கையில் சுண்டல் பொட்டலம், காதில் எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் வீட்டிலேயே துணி மடிப்பேன்.

இந்த வழியின் பெரிய பாடு, புதனைக் காப்பாற்றுவதுதான். ஒரு மாத விடுப்புக்கு ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். புதனுக்கோ ஒவ்வொரு வாரமும் காவல் இருக்க வேண்டும். “ஒரே ஒரு பத்திதான் மேடம்” என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் மன்னிப்புக் கேட்டு மறுத்தேன், பிறகு புதன்கிழமை பதில் வராது என்று மின்னஞ்சலின் அடியிலேயே போட்டுவிட்டேன். முதல் வருடத்தின் 52 புதனில் 41ஐக் காப்பாற்றினேன். டிசம்பரில் தொடர்ந்து மூன்று புதனை விட்டபோது ஒரே வரியை நாலு தடவை படிக்கும் பழைய நிலை எட்டிப் பார்த்தது, நாலாவது புதன் பிடிவாதமாக நிறுத்தினேன்.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதும் என் தோழிக்குத் தினமும் படப்பிடிப்புக்குக் காட்சி போக வேண்டும், நடுவில் ஒரு நாள் என்பதே அவளுக்கு நடக்காது. ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிதான் அவளுக்கு ஓய்வு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குப் புதன் எப்படி வாய்க்கும் என்று சொல்லவும் எனக்கு அனுபவம் கிடையாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று விட்டுப் பார்த்ததும் இல்லை, என் கணக்கு அந்த 34 நாளோடு சரி. இன்னொன்று, வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்குப் புதனும் போதாது, ஒரு மாதமும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416இல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

நீண்ட விடுப்புதான் வேண்டும் என்று தோன்றினால் ஒரு புத்தகத்தை முடித்து அனுப்பிவிட்டு அடுத்த நாளிலிருந்து எடுங்கள், 112ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நான் இந்த ஜனவரி வரைக்கும் எல்லாப் புதனையும் நாட்காட்டியில் இப்போதே அடித்து வைத்துவிட்டேன், பதிப்பாளரிடம் கெடு பேசும்போதே அவற்றைக் கழித்துத்தான் பேசினேன்.