ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.: புதிதாக ஓட்டும் இளைஞர் கையில் எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வாங்கும் முதல் கார் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிறிய ஹேட்ச்பேக்காகவே இருந்தது. இப்போது கோவையிலும் கொச்சியிலும் கிடைக்கும் சம்பளமும் வங்கிக் கடனும் சேர்ந்து, லைசென்ஸ் கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே 150 குதிரைத்திறன் உள்ள டர்போ காரை வாங்க வைத்துவிடுகின்றன. என் அண்ணன் மகன் (வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்) அப்படி வாங்கிய விர்டஸ் ஜி.டி. 1.5, கே.எல். 70 பதிவெண்ணோடு எங்கள் வாசலில் நிற்கிறது. அதை நானும் ஓட்டுகிறேன். அவன் ஓட்டும்போது பக்கத்து இருக்கையிலும் பயணம் செய்கிறேன். அனுபவம் குறைந்த ஒருவருக்கு இந்தக் கார் எவ்வளவு ஏற்றது என்ற ஒரே கேள்வியை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

இந்தக் கார் 2022ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) எஞ்சின், ஏழு கியர் டி.எஸ்.ஜி. தானியங்கிக் கியர் பெட்டி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) என்று ஷோரூமில் சொல்வார்கள். ஓட்டுபவர் அதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: அந்த முறுக்குவிசை முழுவதும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. பழைய பெட்ரோல் கார்களில் வேகம் வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, எஞ்சின் அலற அலற மிதிக்க வேண்டும். வேகம் கூடுவதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். இதில் அப்படி எந்த முன்னறிவிப்பும் இல்லை. பூஜ்ஜியத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை ஏறத்தாழ ஒன்பது நொடிகளில் எட்டிவிடுகிறது. எட்டியதும் ஏழாவது கியருக்குப் போய், 2,000 சுற்றை ஒட்டி ஓசையில்லாமல் ஓடுகிறது.

இந்தக் காரின் மிகப்பெரிய சிறப்பும், இளைஞர்களுக்கு அது தரும் மிகப்பெரிய ஆபத்தும் இந்த அமைதிதான். வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோடு நோக்கி, தேசிய நெடுஞ்சாலை 544இல் ஒரு காலை நேரம் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, பாட்டு ஓடியது, ஸ்டீயரிங்கில் துளி அதிர்வும் இல்லை. "தம்பி, இப்ப என்ன ஸ்பீடுல போறே? மீட்டரைப் பாக்காமச் சொல்லு" என்றேன். "எண்பது இருக்கும் சித்தப்பா" என்றான். மீட்டரில் 108 இருந்தது. அவன் வேண்டுமென்று வேகமாகப் போகவில்லை. அந்த வேகம் அவன் உடம்புக்குத் தெரியவே இல்லை. 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் விற்கப்படும் கார்களில் 80 கி.மீ.யைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் காரிலும் அது ஒலிக்கிறது. ஆனால் பாட்டின் சத்தம் கூடுதலாக இருந்தால் அது காதில் விழுவதில்லை. ஒலியளவைக் குறைத்துவைக்கச் சொல்லுங்கள். அதைவிட, அவ்வப்போது இப்படி வேகத்தைக் கேட்டு, சொன்ன பதிலை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நல்ல பலன் தருகிறது.

பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்பதால் கவலை வேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள். கார்களை மோதவைத்துச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட முடிவில், பெரியவர்களுக்கான பாதுகாப்பிலும் குழந்தைகளுக்கான பாதுகாப்பிலும் விர்டஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றது உண்மை. அது இந்தக் காரை வாங்குவதற்கு வலுவான காரணமும்கூட. ஆனால் அந்தச் சோதனையில் கார் நேருக்கு நேர் மோதவைக்கப்பட்ட வேகம் மணிக்கு 64 கி.மீ., உள்ளே இருந்த பொம்மைகளும் சீட் பெல்ட் அணிந்திருந்தன. வேகம் கூடும்போது மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது (வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு) என்பதால், 100 கி.மீ. வேகத்தில் மோதும் காரில் 64 கி.மீ. வேகத்தில் மோதும் காரைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆற்றல் இருக்கும். அந்த நட்சத்திரங்கள் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

நிறுத்தும் தூரத்துக்கும் இதே கணக்குதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தாலும் நிற்பதற்கு மேலும் 50 மீட்டர் வரை தேவைப்படுகிறது. இரவில் டிம் விளக்கில் தெரியும் தூரத்தைவிட இது மிக அதிகம். ஆகவே எதிரே வண்டி வந்து விளக்கைத் தாழ்த்தும்போதெல்லாம் வேகத்தையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும்.

பிரேக்கைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவு திறன் உள்ள காரில் முன்சக்கரங்களுக்கு மட்டுமே டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம்தான். அன்றாட ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது என்றாலும், இந்த விலையில் நான்கு டிஸ்க்குகளை எதிர்பார்ப்பது நியாயம். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஈ.எஸ்.சி. (கார் சறுக்கித் திரும்பாமல் தடுப்பது) இரண்டும் எல்லா ரகங்களிலும் உண்டு. ஒரு முறை மோதிய கார் ஓடிப்போய் மறுபடி எதிலாவது மோதாதபடி தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியும் இருக்கிறது.

இருக்கும் பிரேக்கை முழுமையாக மிதிக்க யாருக்கும் கற்றுத்தரப்படுவதில்லை என்பது பெரிய குறை. லைசென்ஸுக்காக மைதானத்தில் கம்பிகளுக்கு நடுவே 'எச்' போட்டுக் காட்டுகிறோம்; அங்கே முழு வேகத்திலிருந்து சட்டென்று நிறுத்தச் சொல்வதில்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. நீளக் கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில், ஒரு பயிற்சியாளர் துணையோடு தம்பி முதன்முறையாக 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அடிவரை மிதித்தான். மிதித்த கணத்தில் பெடல் அவன் உள்ளங்காலைத் திருப்பி உதைத்து, கடகடவென்று அதிர்ந்தது. பயந்து காலை எடுத்துவிட்டான், கார் நிற்காமல் உருண்டுகொண்டே போனது. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் அப்படித்தான் அதிரும், அந்த நேரத்தில் காலை எடுக்காமல் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு, அடுத்த முறை கார் நேராக நின்றது. பிரேக்கைப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு பிளாஸ்டிக் கூம்பைத் தவிர்க்கவும் முடிந்தது. அலாய் வீலுக்கும் சன் ஃபிலிமுக்கும் செலவழிக்கும் பணத்தை முதலில் இப்படி ஒரு நாள் பயிற்சிக்குச் செலவழியுங்கள். காரை டெலிவரி எடுத்த கையோடு செய்ய வேண்டியது இதுதான்.

நான்கு வழிச்சாலையைவிட எங்கள் சித்தூர் தாலுகாவின் இருவழிச் சாலைகளே எனக்கு அதிக அச்சம் தருகின்றன. விடிகாலையில் கள் ஏற்றிய பிக்அப் வண்டிகள் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு அவசர அவசரமாகப் புறப்படும். அதே நேரத்தில் தேங்காய் ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். தென்னந்தோப்பிலிருந்து மயில்கள் தாழப் பறந்து சாலையைக் கடக்கும். இங்கே ஓவர்டேக் செய்யும்போது டி.எஸ்.ஜி. பெட்டியின் ஒரு குணத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'டி' (டிரைவ்) நிலையில் சிக்கனத்துக்காக அது உயர்ந்த கியரிலேயே ஓடும். திடீரென்று மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகு மொத்த விசையும் ஒரேயடியாக வரும். அந்தத் தயக்கத்தில் எதிரே வரும் வண்டி நெருங்கிவிடுகிறது. அதன்பின் வரும் பாய்ச்சலில் புதியவர் பதறிப்போகிறார். முன்னே போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு, சாலை தெளிவாகத் தெரிந்த பிறகு 'எஸ்' (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றி, கியர் இறங்கியதை உணர்ந்தபின் வெளியே வருவதே முறை. எதிரே வருவது பிக்அப்பா, பைக்கா என்று அடையாளம் தெரியாத தூரத்தில் இருந்தால்கூட அவசரப்படாமல் காத்திருக்கலாம். ஓவர்டேக் செய்வதற்கு இந்தக் காருக்குச் சில நொடிகளே போதும் என்பதால், காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

மழையையும் காற்றையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, திறந்த வெளியில் காரைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியில் அந்தத் தள்ளல் கூடுதலாகத் தெரியும் என்பதால், ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பது அவசியம். சாலையில் தண்ணீர் நிற்கும்போது டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கினால் ஈ.எஸ்.சி.யால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் அதுவும் டயரின் பிடியை நம்பியே வேலை செய்கிறது. இந்தக் காரின் 16 அங்குல டயர்களில் தேய்மானமும் காற்றழுத்தமும் சரியாக இருக்கின்றனவா என்று பருவம் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்குப் போய் இறங்கும்போது, கியரைக் கையால் மாற்றும் நிலையில் இரண்டு அல்லது மூன்றில் வைத்தால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூடேறுவதில்லை. மலைப்பாதைகளில் கேரளத்தின் வேக வரம்பு 45 கி.மீ.; அந்த வளைவுகளில் அதற்கு மேல் போக நினைப்பவர் யானை குறுக்கே நிற்கும் சாலை அது என்பதை மறந்தவர்.

நண்பர்கள் ஏறினால் காரின் குணமும் மாறுகிறது, ஓட்டுபவரின் குணமும் மாறுகிறது. ஐந்து பேரும் அவர்களின் பைகளும் சேர்ந்தால் கூடுதல் எடை 350 கிலோவைத் தாண்டும். பிரேக்குக்கும் டயருக்கும் அத்தனையும் வேலைதான். "கொஞ்சம் மிதிடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருவது அதைவிடப் பெரிய சுமை. முதல் சில மாதங்களுக்கு இரவுப் பயணத்தில் நண்பர் கூட்டத்தை ஏற்றுவதில்லை என்று எங்கள் வீட்டில் அண்ணி போட்ட நிபந்தனையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். பின் இருக்கையின் மூன்று இடங்களிலும் மும்முனை பெல்ட் இருக்கிறது. அதை எல்லோரும் மாட்டிய பிறகே வண்டி நகர வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் வேறொரு காரை ஓரிரு ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். லைசென்ஸோடு நேராக இந்தக் காருக்கு வருபவர் என்றால், அதே உடலமைப்பும் அதே ஈ.எஸ்.சி.யும் கொண்ட 1.0 லிட்டர், 115 குதிரைத்திறன் விர்டஸே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் தொகையில் பயிற்சிக்கும், நல்ல டயருக்கும், உதிரிபாக விலையில் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் முழு இன்சூரன்ஸுக்கும் இடமிருக்கும். டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது ஷோரூமைச் சுற்றியுள்ள நெரிசலில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பாமல், நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகம்வரை போய், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் ஒரு முறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஓட்டப்போகிறவரே அதைச் செய்ய வேண்டும். பணம் கொடுக்கும் அப்பா பக்கத்து இருக்கையில் இருக்கட்டும்.