அரை மணி ஓய்வுக்கு எந்த கலரிங் புத்தகம், எந்தக் கதைப் புத்தகம்?

பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளில் உங்களுக்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? எனக்கு மிஞ்சுவது அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. பகல் முழுக்க அச்சுப்படியில் பிழை பார்க்கிற வேலை. அது முடிந்ததும் கண் இன்னொரு திரையைப் பார்க்க மறுக்கும். கை மட்டும் எதையாவது செய்யலாமே என்று பரபரக்கும். அந்த அரை மணிக்குள் அடங்குகிற புத்தகம் எது, ஆசையாக வாங்கியும் அலமாரியிலேயே தங்கிவிடுகிற புத்தகம் எது என்று பார்ப்போம். நானும் அம்மாவும் பயன்படுத்திப் பார்த்த வகைகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுகிற தோட்டம், காடு வகை. இதற்கு உலகம் முழுக்க மவுசு வந்தது ஸ்காட்லாந்து ஓவியர் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' 2013இல் வெளிவந்த பிறகு. அவர் பேனா பிடித்துக் கையால் வரைபவர். கொடியும் இலையும் பூச்சியுமாகப் பக்கத்தை நிறைத்துவிடுவார். அதை ஒட்டி வந்த புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. என்னிடம் அந்தப் பாணியில் இருக்கிற ஒன்றில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கொடி ஓடுகிறது. இலை ஒன்று சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது, அதற்குள் நரம்பு வேறு. பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி உட்கார்ந்தால் ஒரு மூலை நிறையும், அவ்வளவுதான். பார்க்க அத்தனை அழகு, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தை முடித்த நிறைவு வேண்டும் என்கிறவர்களை இது பாடாய்ப்படுத்தும். விடுமுறையில் நீளமாக உட்கார முடிகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன்.

மண்டலா புத்தகங்கள் இதற்கு நேர் எதிர். வட்டம், அதற்குள் வட்டம், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப. ஒரு வளையத்துக்கு என்ன நிறம் என்று முடிவுசெய்துவிட்டால் மனசுக்கு வேலை இல்லை, கை தானாக ஓடும். ஒரு வளையம் முடிந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு மறுநாள் அடுத்த வளையத்திலிருந்து தொடங்கலாம். எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். 2005இல் கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். சிலருக்கு மண்டலா, சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெற்றுத்தாள். மண்டலாவுக்கும் கட்டத்துக்கும் நிறம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. 2012இல் வேறு இருவர் இதையே திரும்பச் செய்து பார்த்தபோது, கட்டத்தைவிட மண்டலாவுக்குத்தான் பலன் தெரிந்தது. எது உசத்தி என்பதைவிட, மண்டலாவோடு ஒப்பிட்டால் வெற்றுத்தாள் இரண்டு தடவையும் பின்தங்கியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘எனக்கு வரையவே வராது’ என்கிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. கோட்டை இன்னொருவர் போட்டுத் தந்திருப்பதுதான் இந்தப் புத்தகங்களின் பலமே.

அப்புறம் காகிதம். அட்டைப்படத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும். அந்தக் கனத்தில் அச்சிட்ட கலரிங் புத்தகத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாலே தாள் வழவழப்பாகி, அதற்கு மேல் நிறம் பிடிக்காது. கலர் பென்சிலுக்கு 120 ஜிஎஸ்எம் அளவில் இருந்தால் நிம்மதியாக அடுக்கடுக்காகத் தீட்டலாம். தாளில் லேசான சொரசொரப்பும் வேண்டும். பென்சில் துகள் உட்கார அதுதான் இடம் கொடுக்கிறது. விரலால் தடவிப் பாருங்கள். பத்திரிகை அட்டை மாதிரி வழுக்கினால் அந்தப் புத்தகம் ஜெல் பேனாவுக்குத்தான் லாயக்கு, அதிலும் மை காயும்வரை கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கர் பிடிக்கும் என்றால், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகமாகத் தேடுங்கள். ஆல்கஹால் மார்க்கர் கனமான தாளையும் ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். இரண்டு பக்கமும் அச்சிட்ட புத்தகத்தில் ஒரு மீனுக்கு நீலம் தீட்டினால், பின்பக்கத்து வீட்டுக் கூரையிலும் நீலத் திட்டு. ஒரு பக்க அச்சாகவே இருந்தாலும் கீழே ஒரு கெட்டித் தாளைச் செருகிக்கொள்வது நல்லது. பைண்டிங்கில் ஸ்பைரலுக்குத்தான் என் ஓட்டு. பசை போட்டு ஒட்டியது விரித்தால் விரிந்து நிற்காது. இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே தீட்ட வேண்டும். நடுமடிப்புக்குள் ஓடிப்போன படத்தை எட்டவும் முடியாது. பக்கத்தைக் கிழித்தெடுக்கத் துளைக்கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். கணினியைக் கொண்டு நொடியில் உருவாக்கிய படங்களைத் தொகுத்துப் புத்தகமாக விற்பது பெருகிவிட்டது. அப்படி ஒன்று எனக்கும் வந்து சேர்ந்தது. பூனைக்கு ஐந்தாவதாக ஒரு பாதம். செடியோடு ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும் பூ. கோடுகள் ஒன்றோடொன்று சேராததால் எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும் என்றே தெரியவில்லை. பல பக்கங்களில் ஏற்கெனவே சாம்பல் நிழல் அச்சாகியிருந்தது. அதன் மேல் மஞ்சள் தீட்டினால் அழுக்காகத்தான் தெரியும். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல்களை எண்ணுங்கள், கொடி எங்கிருந்து முளைக்கிறது என்று பின்தொடருங்கள். வரைந்தவர் பெயர் இருக்கிறதா, அவர் வேறு என்ன வரைந்திருக்கிறார் என்று தேடுங்கள். ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் போட்ட கோட்டுக்கு நாம் கொடுக்கிற காசு அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

அம்மாவுக்கு வாங்கியபோது கணக்கு மாறியது. விரல் மூட்டு வலி, பார்வையும் முன்போல் இல்லை. என் மண்டலா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கோடே தெரியலையே, கொஞ்சம் பெரிய பூவா இருந்தா குடு" என்றார். வயதானவர்களுக்கென்றே கோடு தடிமனாக, கட்டம் பெரிதாக அச்சிட்ட புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பூ, அல்லது ஒரு பறவை. அதையும் குழந்தைகள் புத்தகத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. படம் எளிமையாக இருக்கலாம், ஆனால் எழுபது வயதுக்காரரிடம் சிரிக்கும் யானைக்குட்டியை நீட்டுவது மரியாதையாக இருக்காது. தடித்த முக்கோணப் பென்சில் அவர் கைக்கு வாகாக இருக்கிறது. மெழுகு கலந்த மென்மையான வகை என்பதால் அழுத்தாமலே நிறம் இறங்குகிறது. அந்த வகையில் ரொம்ப அடுக்கினால் மேலே வெள்ளையாகப் பூத்ததுபோல் ஒரு படலம் வரும். மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் கலந்த வகை கெட்டியானது, கூர் சீக்கிரம் மழுங்காது. அதனால் நுணுக்கமான படத்துக்கு அதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் 24 நிறம் தாராளமாகப் போதும், மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று தீட்டியே வரவழைக்கலாம்.

படிக்கிற புத்தகத்துக்கும் இதே அரை மணிதான் அளவுகோல். லேசான வாசிப்பு என்றதும் தடிமனான துப்பறியும் நாவலைப் பலர் சொல்வார்கள். நான் அதை இரவில் தொடவே மாட்டேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அடுத்த பக்கத்தைப் புரட்ட வைப்பதற்காகவே முடித்திருப்பார்கள், தூக்கம்தான் பலியாகும். துப்பறியும் கதையே வேண்டும் என்றால் சிறுகதையாகப் படியுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் மொத்தம் 56. 1891இல் தொடங்கி, மாத இதழில் ஒரு இதழுக்கு ஒன்று என்கிற முறையில் எழுதப்பட்டதால் பெரும்பாலானவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். புதிர் அவிழும், விளக்கை அணைக்கலாம். இதைத் தவிர எனக்குப் பிடித்தவை கடிதத் தொகுப்பும் பயணக் கட்டுரைகளும். எங்கே திறந்தாலும் படிக்கலாம், ஒரு வாரம் விட்டுப்போனாலும் கதாபாத்திரங்களை மறந்திருப்போமே என்ற கவலை இல்லை. எழுத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள். பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த மலிவுப் பதிப்பு, களைத்த கண்ணுக்குச் சுமை.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். நிறம் தீட்டும்போது காது சும்மாதானே இருக்கிறது, ஒலிப்புத்தகத்தில் ஒரு சிறுகதையை ஓட விடுவேன். ஆனால் இதற்கு மண்டலாதான் சரி. காட்சிப் படமாக இருந்தால் இந்தச் சுவருக்கு என்ன நிறம், வெயில் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிவரும், அதற்குள் கதை எங்கேயோ போய்விடும்.

யாருக்காவது பரிசாகக் கொடுப்பதென்றால் நான் கொடுப்பது இதுதான்: ஒரு பக்க அச்சு, ஸ்பைரல் பைண்டிங், நடுத்தர அளவு வடிவங்கள் கொண்ட கலரிங் புத்தகம் ஒன்று, 24 நிறப் பென்சில், அதோடு நல்ல ஷார்ப்னர். பென்சில் வாங்குகிற ஆசையில் ஷார்ப்னரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிளேடு மழுங்கியது மென்மையான பென்சில் முனையை உடைத்துக்கொண்டே இருக்கும், புதுப் பெட்டி பாதியாகிவிடும்.