சட்டைப்பை கேமராவும் தனுஷ்கோடி மணலும்

கேமரா மறுபடியும் பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. பில்லைப் பார்த்த எரிச்சல் அடங்குவதற்குள் நண்பன் கேட்கிறான்: "ராஜஸ்தான் போகிறேன், நீ வைத்திருப்பதையே வாங்கிவிடட்டுமா?"

மாடல் பெயர் வேண்டாம். ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), அகலக் கோணத்திலிருந்து ஓரளவு நெருக்கம் வரை போகும் 24-70 மி.மீ.க்கு இணையான ஜூம், எஃப்1.8 என்ற அகலமான திறப்பில் தொடங்கும் லென்ஸ். 2012-இல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்த பிறகு பல கம்பெனிகளும் பிடித்துக்கொண்ட வார்ப்பு இது. படத்தின் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பேட்டரி அரை நாள் தாங்கும்; கூடுதலாக ஒன்று வாங்கிக்கொண்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

என் ரத்த அழுத்தத்தை ஏற்றுவது தூசி. ஆன் செய்தால் லென்ஸ் குழாய் நீள்கிறது, ஆஃப் செய்தால் உள்ளே போகிறது. நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குழாயின் இடுக்குகள் வழியே காற்று நுழைகிறது. கொல்லன் பட்டறைத் துருத்திதான். காற்றோடு வரும் துகள் சென்சாரின் மேல் உட்கார்ந்துவிட்டால், அன்றிலிருந்து எல்லா வானத்திலும் வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் மங்கலான சாம்பல் பொட்டு. லென்ஸைக் கழற்றும் கேமராவில் ஊதுபந்தால் இரண்டு ஊது ஊதினால் போதும். இதில் லென்ஸ் கழலாது. மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். வேக்குவம் கிளீனர் குழாயை லென்ஸ் வாயில் வைத்து உறிஞ்சும் கைவைத்தியம் ஒன்றும் உலவுகிறது. அந்த வீரம் எனக்கு இல்லை.

"தூசி உத்தரவாதத்தில் வராது" என்றார் பழுதுபார்ப்பு நிலைய ஊழியர், என் முகத்தைப் பார்க்காமலே. சட்டைப்பையில் போடத்தான் இந்த உருவத்தில் செய்கிறார்கள். சட்டைப்பையில் தூசி இருக்காதா?

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். தனுஷ்கோடியில் உச்சிவெயிலில் பாசிமணி விற்கும் ஓர் அம்மாள் ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கண் கூசும் கடல். முகத்துக்கு வெளிச்சம் அளந்தால் கடல் வெளுத்துப்போகும், கடலுக்கு அளந்தால் முகம் கரியாகும். இந்தக் கேமராவின் ஷட்டர், இதழ்கள் போல் திறந்து மூடும் லீஃப் ஷட்டர்; லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான கேமராக்களில் 1/200 நொடியை ஒட்டி நின்றுவிடும் ஃபிளாஷ், இதில் 1/2000 வரை ஷட்டரோடு ஒத்துப்போகிறது. முகத்துக்கு நகத்தளவு ஃபிளாஷை எழுப்பி, கடலின் வெளிச்சத்தை அடக்க ஷட்டரை 1/1600-இல் வைத்து அழுத்தினேன். கடல் நீலமாகவே நின்றது. அம்மாளின் மூக்குத்தி மின்னியது. ஷட்டர் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பையில் பெரிய கேமரா இருந்திருந்தாலும் இப்படி ஒரு படத்தை இவ்வளவு எளிதாக எடுத்திருக்க முடியாது. மணல் உள்ளே போனதும் அன்றைக்குத்தான் என்பது வேறு விஷயம்.

தூசியோடு குடித்தனம் நடத்த ஒரு வழி உண்டு. லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரைக் குறுக்கக் குறுக்கத்தான், அதாவது எஃப் எண் ஏற ஏறத்தான், பொட்டு கூர்மையாகத் தெரியும். எஃப்11-இல் பளிச்சென்று இருப்பது எஃப்4-இல் கரைந்தே போகும். இவ்வளவு சிறிய சென்சாருக்கு எஃப்8, எஃப்11 தேவையும் இல்லை. 24 மி.மீ. கோணத்தில் எஃப்4 வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். வெயில் அதிகம் என்றால் உள்ளேயே இருக்கும், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டுக்கொள்ளலாம். பழைய கேமரா வாங்குபவர்கள் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: எஃப்11 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். விற்பவர் பேச்சு மாறினால் நடையைக் கட்டுங்கள்.

நண்பனுக்கு என் பதில்: ஜெய்சல்மேர் மணலுக்குள் போகிறவன் நீளும் லென்ஸை வாங்காதே. ஒலிம்பஸ் டிஜி-6 போன்றவற்றில் லென்ஸ் உடலுக்குள்ளேயே நகர்கிறது. தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது. சென்சார் பொடிசு, இருட்டினால் படம் சொரசொரக்கும். பணம் இருந்தால் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ. ஜூம் கிடையாது, அரைக் கிலோவுக்கு மேல் எடை, தூசித் தடுப்பு முழுமையாக வேண்டுமானால் முன்னால் வளையமும் ஃபில்டரும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எதை வாங்கினாலும் என்னுடையதை மட்டும் வாங்காதே.

"அப்படியானால் உன்னுடையதை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்துவிடு" என்கிறான். அது மட்டும் நடக்காது.