ஆனைமலையில் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்த கைடு

போன டிசம்பரில் மெல்போர்னிலிருந்து பொள்ளாச்சிக்குப் போனபோது, பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டவென்றே இரண்டு நாளை ஒதுக்கியிருந்தேன். முதல் நாள் ஒரு தனியார் ஜீப். ரோட்டோரம் நின்ற யானைக் கூட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, "நல்லா போட்டோ எடுத்துக்குங்க சார்" என்று எஞ்சினை உறுமவிட்டார் டிரைவர். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. அந்தப் படங்களை இன்றுவரை யாருக்கும் காட்ட மனம் வரவில்லை.

மறுநாள் டாப்ஸ்லிப். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 பாதைகளில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளலாம். நாங்கள் எடுத்தது டாப்ஸ்லிப் – பண்டாரவரை பாதை. அந்தந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களையே கைடாக அனுப்புகிறார்கள், அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், இரவாளர், புலையர் என்று ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். எங்களோடு வந்த இருவரில் மூத்தவர் மலைமலசர். அவருடைய அப்பா கோழிகமுத்தி யானை முகாமில் மாவுத்தராக இருந்தவராம்.

கிளம்பும் முன்பே என் மகளிடம் சென்ட் வாசனை அடிப்பதைக் கவனித்து, கையையும் கழுத்தையும் கழுவிவிட்டு வரச் சொன்னார். "பேச வேண்டியதை இப்பவே பேசிக்கலாமுங்க. உள்ள போனா காதுக்குத்தான் வேலை" என்றார்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. உயரத்தில் கழுகு கத்துகிறது என்று மகன் அண்ணாந்து பார்க்க, அவர் பக்கத்துக் கிளையைக் காட்டினார். அங்கே இருந்தது துடுப்புவால் கரிச்சான், மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துக் கத்தும் பறவை. ஓரிடத்தில் கரையான் புற்று குடைந்து கிடந்தது. கரடியின் வேலை. மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லாததால், அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சித் தின்னும் என்று விளக்கினார். மகள் ஒரு செடியின் பெயரைக் கேட்டாள். தன் பாட்டி சொல்லும் பெயரைச் சொல்லிவிட்டு, "புத்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு" என்றார். தெரியாததைத் தெரியாது என்றதால், மற்றதையெல்லாம் நான் முழுசாக நம்பினேன்.

பாதையில் யானை லத்தி கிடந்தது. குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார், சூடு இருந்தது. அப்புறம் அவர் நடை மாறிவிட்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்றார். மூங்கில் முறியும் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கினார், நாங்கள் அப்படியே நின்றோம். ஒரு பிடி மண்ணை எடுத்து மெதுவாக உதிர்த்தார். தூசி எங்களிடமிருந்து மூங்கில் புதர்ப் பக்கமாகப் போனது.

"குட்டியோட இருக்குதுங்க. காத்தும் அந்தப் பக்கம் போகுது. திரும்பிரலாம்."

இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருந்தது. இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சமாதானம் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மகனை முன்னால் விட்டு, தான் கடைசியாக, அடிக்கொருமுறை பின்னால் பார்த்தபடி வந்தார். வெகுதூரம் வந்த பிறகுதான் பேசினார்: குட்டி வைத்திருக்கும் யானைக்கு நம் வாடை எட்டினால், ஒன்று குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் நம்மைத் துரத்தும். ரெண்டுமே அதுக்குக் கஷ்டம்தானே என்றார். முதல் நாள் ஜீப்பில் நாங்கள் செய்தது என்ன என்று மகனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனாகவே அதை அவரிடம் சொன்னான்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: கோடையில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், டிக்கெட் எடுக்கும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே வந்து டீ குடிக்கும்போது, "உங்க ஊர்க் காட்டுல என்ன இருக்குது தம்பி?" என்று மகனிடம் கேட்டார். மெல்போர்ன் பக்கத்து டாண்டினாங் மலையில் இருக்கும் லயர் பறவையைப் பற்றி அவன் சொன்னான், அதுவும் மற்ற பறவைகளின் குரலில் கத்தும். போனில் அதன் பதிவைப் போட்டுக் காட்டினான். டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டவர், "இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றார். மூன்று முறை கேட்டார்.