ஒகேனக்கலா, கே.ஆர்.பி. அணையா, தீர்த்தமலையா: பிள்ளைகளோடு ஆற்றோரம் நடக்க எது?

தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஆறு என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒகேனக்கல். அடுத்தது தென்பெண்ணையில் கட்டிய கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. கேட்டது வெறும் ஆறாக இருந்தால் அதோடு முடிந்துவிடும். ஆனால் பிள்ளைகள் ஆற்றோரம் நடக்கவும் வேண்டும், இந்த மண்ணில் ஆதியில் இரும்பு எடுத்த கதையைக் கையில் தொட்டுப் பார்க்கவும் வேண்டும் என்றால் மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது: அனுமன்தீர்த்தம், தீர்த்தமலை. எங்கள் ஓட்டு அதற்குத்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஒகேனக்கல்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அருவி, பரிசல், தொங்கு பாலம், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல். பாறைகளும் சாதாரணமானவை அல்ல, உலகின் பழைய கார்பனடைட் (கார்பனேட் கனிமம் நிறைந்த, பூமிக்குள்ளிருந்து குழம்பாக வந்து உறைந்த கல்) பாறைகளில் சேர்ந்தவை. ஆனால் சுரங்கக் கதை என்று காட்ட அங்கே எதுவும் இல்லை. நடைக்கும் தோதில்லை. பாசி படிந்த பாறையில் பெரியவர்களுக்கே கால் நிற்காது, ஆற்றில் முதலை உண்டு. ஒகேனக்கல்லுக்குப் பரிசலில் உட்காரப் போகலாம், நடக்கப் போகக் கூடாது.

கே.ஆர்.பி. அணை, காமராசர் ஆட்சியில் 1957இல் திறக்கப்பட்டது. பூங்கா, நிழல், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் யோசிக்காமல் இங்கேயே போங்கள். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்க மட்டும் வேண்டாம். ஷட்டர் எப்போது திறக்கும் என்று தெரியாது. மேலே பெங்களூரு பக்கத்துக் கழிவு கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் அதே தென்பெண்ணைத் தண்ணீர்தான் இங்கும் வருகிறது.

சுரங்கம் காட்டுகிறோம் என்று பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கைவிட்ட கிரானைட் குவாரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம். வயர் சா எனும் கம்பி ரம்பம் வைத்து அறுத்த சுவர் கண்ணாடி போல வழவழப்பாக, நேர்குத்தாக இறங்கும். தண்ணீரில் விழுந்தால் கால் ஊன்றப் படியும் கிடையாது, கை பற்றப் பிடியும் கிடையாது. நீச்சல் தெரிந்தவர்களே கரையேற வழியில்லாமல் சோர்ந்து மூழ்கும் இடம் அது. வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்துப் பிளந்த கல்லைப் பார்க்க ஆசையென்றால் சாலையோரம் அடுக்கிய கற்களிலேயே பாதித் துளைத் தடங்கள் தெரியும், அது போதும்.

எங்கே போவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது தண்ணீர்தான். கிளம்புகிற அன்று காலையில் ஆறு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மொத்தத் திட்டமும் கவிழும் இடமா, கவிழாத இடமா என்று பாருங்கள். ஒகேனக்கல்லுக்கு வரும் தண்ணீர் கர்நாடகத்துக் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளின் திறப்பைப் பொறுத்தது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் கன அடிக் கணக்கு தினமும் செய்தியில் வரும். அது ஏறினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை. அப்புறம் அங்கே செய்ய ஒன்றும் இருக்காது, பென்னாகரம் தாண்டி இறங்கிய மலைப்பாதையில் திரும்ப ஏறி வர வேண்டியதுதான். கே.ஆர்.பி.யில் நீர் திறந்தால் கிருஷ்ணகிரியிலிருந்து கடலூர் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் எச்சரிக்கை போகும். அன்றைக்குப் படுகையில் யாரும் இறங்கக் கூடாது.

அனுமன்தீர்த்தமும் அதே தென்பெண்ணைக் கரைதான், அதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். ஆனால் ஆறு கைவிட்டாலும் அங்கே மலை இருக்கிறது. தண்ணீர் பெருகினால் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுப் படியேறலாம். வற்றினால் இன்னும் நல்லது, மணல் படுகையில் நடக்கலாம், தேடி வந்த கருமணலும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். எப்படிப் போனாலும் பாதி நாளாவது கைக்கு மிஞ்சும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி நாளில் எங்கும் போகக் கூடாது என்பது வேறு விஷயம்.

அனுமன்தீர்த்தம், அரூர்–ஊத்தங்கரை சாலை தென்பெண்ணையைக் கடக்கும் இடம். தீர்த்தமலை அரூரிலிருந்து சுமார் 16 கி.மீ. ராமர் பூசைக்குக் கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் தாமதமாக வந்து, கோபத்தில் வீசிய நீர் விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பது தலபுராணம். அதனால்தான் ஆற்றில் முழுகிவிட்டு மலையேறுவது வழக்கம். பக்தர்கள் போகிற அந்த வரிசை பிள்ளைகளுக்கும் சரியாக அமைகிறது: காலை ஆறரைக்கு ஆறு, எட்டரைக்கு மலை, வெயில் ஏறுமுன் கீழே. இரண்டையும் நடந்தே இணைக்க நினைக்காதீர்கள், நடுவில் வண்டிதான்.

ஆற்றில் என்ன பார்ப்பது? பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஆறு வளையும் இடத்தின் உள்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னால், என வேகம் குறையும் இடங்களில் மணல் மேல் கறுப்புக் கோடுகள் இழுத்திருக்கும். அது மேக்னடைட் எனும் இரும்புத்தாது, வெள்ளை மணலைப் போல இரு மடங்கு கனம், அதனால் தண்ணீர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. காய்ந்த கருமணலில் காந்தத்தைப் புரட்டினால் மீசை முளைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை விலக்கினால் கருமணல் மட்டும் பைக்குள் நிற்கும். பை இல்லாமல் நேரே தொட்டால் அந்தக் காந்தத்தை அப்புறம் சுத்தம் செய்யவே முடியாது. கூடவே கருஞ்சிவப்பாகத் தெரிந்து, காந்தத்தில் ஒட்டாமல் நிற்பது கார்னெட் என்ற கனிமம். தென்னகத்தில் பல இடங்களில் ஓடையில் இப்படிச் சேரும் கருமணலை அலசி எடுத்துத்தான் இரும்பு உருக்கினார்கள்.

மலையில் கல்லாகவே பார்க்கலாம். 1864இல் வெளியான நிலவியல் ஆய்வில் கிங், ஃபூட் என்ற நிலவியலாளர்கள் இருவரும் அன்றைய சேலம் மாவட்டத்தின் இரும்புக்கல் தொகுதிகளைப் பிரித்தபோது கஞ்சமலை, கோதுமலையோடு தீர்த்தமலையையும் ஒரு தொகுதியாகச் சேர்த்தார்கள். வெள்ளைக் குவார்ட்ஸும் கறுப்பு மேக்னடைட்டும் கோடு கோடாக மாறி மாறி வரும் கல் அது. வெளித்தோல் துருப் பழுப்பாக இருக்கும். அளவுக்கு மீறிக் கனக்கிறதென்றால் அதுதான். போனில் திசைகாட்டியைத் திறந்து கல்லருகே மெதுவாக நகர்த்தினால் வடக்கு விலகும். இந்தச் சோதனைக்குப் பிள்ளைகளிடம் அலுப்பே வராது.

இந்த வட்டாரக் கல்லில் இரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அப்படியே உலையில் போட்டால் உருகாது. இடித்து, புடைத்து, அலசிக் குவார்ட்ஸைக் கழித்த பிறகுதான் கரியோடு மண் உலைக்குப் போகும், ஆட்டுத்தோல் துருத்தி ஊதும். இரும்பு தண்ணீராக ஓடாது, அடியில் கட்டியாகத் திரளும். ஓடி வெளியே வருவது கிட்டம். சித்த மருந்தில் மண்டூரம் என்று சொல்வதும் பழைய இரும்புக் கிட்டத்தைத்தான். வயற்காட்டில் கிட்டம் கிடந்தால் அடையாளம் இதுதான்: கறுப்பு, குமிழித் துளை, பாகு வழிந்து உறைந்த சுருக்கம், மேக்னடைட் கல்லைவிட லேசு. பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடுங்கள், இடத்திலிருந்து எடுத்தால் அது வெறும் கல்தான். கருமணலையும் ஆற்றிலேயே கொட்டிவிடலாம்.

ஆபத்து இங்கேயும் இருக்கிறது, அதற்கும் பெயர் சுரங்கம்தான். மணல் அள்ளிய குழிகள். கணுக்காலளவு தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளை முழுங்கும். விளிம்பு ஊறிய மணல் என்பதால் காலை வைத்ததும் சரியும், மேலே ஏற ஏற உள்ளே இழுக்கும். நிறம் திடீரென்று பச்சையாகி, ஓட்டமில்லாமல் நின்றால் குழி. பாலத் தூண்களின் அடியிலும் வெள்ளம் அரித்த பள்ளம் இருக்கும். ஐந்தடிக் கம்போடு ஒரு பெரியவர் முன்னே போக வேண்டும், சின்னப் பிள்ளையின் முழங்காலே எல்லை. ஹவாய் செருப்பு ஈர மணலில் வார் பிடுங்கிக்கொள்ளும், பின்பட்டை உள்ள செருப்பாகப் போடுங்கள்.

படிகளில் குரங்குத் தொல்லை உண்டு. கையில் தொங்கும் பாலித்தீன் கவரைத்தான் முதலில் பறிக்கும், தின்பண்டம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்கு ஒரு லிட்டர். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் படிக்கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறலாமா என்பதில் எங்கள் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரவர் முழங்காலைக் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

தொல்லியலில் ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திவிட்டது. ஆறு பக்கத்தில் இல்லை, நிழலும் குறைவு. அதனால் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் தரவில்லை.