நடுக்களக்காரனை எப்படி நிறுப்பது?

ஹட்ரிக் விளையாடும் எங்கள் கிளிநொச்சிப் பெடியளுக்குள் அடிக்கடி பிடுங்குப்படும் விஷயம் ஒன்றுதான்: எந்தத் திறனுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது? 1997 இல் சுவீடனில் தொடங்கிய இந்த இணைய உதைபந்தாட்ட விளையாட்டில் நாங்கள் பந்தை உதைப்பதில்லை. ஆளை வாங்கி, பழக்கி, அணியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நடுக்களத்துக்கு இரண்டு பேர் விலைக்கு வந்திருக்கிறார்கள் என்று வைப்போம். ஒருவனுக்கு ப்ளேமேக்கிங் (ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் திறன்) 12, பாஸிங் (பந்து கொடுப்பது) 5, டிஃபெண்டிங் (தடுப்பது) 5. மற்றவனுக்கு மூன்றிலும் 8.

வெறும் சராசரி பார்த்தால் 7.3 க்கு 8, இரண்டாமவன் வெல்கிறான். பரந்தனில் இருக்கும் என் மச்சான் இன்னும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறான். “ஓட்டை இல்லாத ஆளாப் பார்த்து எடு மச்சான்” என்பான். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஹட்ரிக்கில் பந்து யாரிடம் கூட நேரம் இருக்கும் என்பதை நடுக்களம் தீர்மானிக்கிறது. கோல் வாய்ப்புகள் எந்த அணிக்குப் போகும் என்பதும் அதோடு வருகிறது. அந்த நடுக்களத்தைக் கட்டுவது ப்ளேமேக்கிங். அதையும் பாஸிங்கையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

அடுத்தது இடத்துக்கேற்ற நிறை. ப்ளேமேக்கிங்குக்கு 70 வீதம், மற்ற இரண்டுக்கும் 15 வீதப்படி என்று எக்செல்லில் போட்டேன் (இது என் கைக்கணக்கு, விளையாட்டின் உள்சூத்திரம் இல்லை). முதலாமவன் 9.9, இரண்டாமவன் அதே 8. ஆள் மாறிவிட்டான்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குவது: ஸ்டமினாவையும் (களைக்காமல் ஓடும் தாக்கு) ஃபோர்மையும் (அந்த நேரத்து ஆட்ட நிலை) இன்னும் இரண்டு நிரலாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வீதம் கொடுத்து விடுகிறார்கள். அவை கூட்ட வேண்டியவை அல்ல, பெருக்க வேண்டியவை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் விதைநெல்லின் தரத்துக்குத் தனியாகப் புள்ளி போட்டு என்ன பயன்? முதலாமவன் ஸ்டமினா குறைந்து 0.75 அளவுக்குத்தான் தாங்குவான், இரண்டாமவன் 0.95 என்று வையுங்கள். 9.9 இப்போது 7.4 ஆகிறது, 8 குறைந்து 7.6 இல் நிற்கிறது. திரும்பவும் இரண்டாமவன்!

அப்ப மச்சான் சொன்னதுதான் சரியா? இந்தக் கிழமைக் கிண்ணப் போட்டிக்கு என்றால், சரி, அவன் ஆளையே இறக்கலாம். காரணம்தான் வேறு: ஓட்டை இல்லாதது அல்ல, ஸ்டமினா.

லீக்கை நினைத்து வாங்குவதென்றால் நான் முதலாமவனைத்தான் எடுப்பேன். பயிற்சியில் ஒரு பங்கை ஸ்டமினாவுக்கு ஒதுக்கினால் முழு அணிக்கும் சேர்ந்து ஏறும், அதுவும் கொஞ்சக் கிழமைகளில். ப்ளேமேக்கிங்கை 8 இலிருந்து 12 க்குக் கொண்டுபோவது அப்படியில்லை; 16 கிழமைப் பருவங்கள் ஒன்றுக்கு மேல் ஓடிவிடும். வயதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது தாண்டியவனுக்கு ஸ்டமினா ஏற்றுவது கஷ்டம், அந்த ஆளுக்கு 0.75 ஐ அப்படியே வைத்துக் கணக்குப் பாருங்கள்.