ஒரே ஆளை 24 மணி நேரத்துக்கு வைக்கலாமா? ராமநாதபுரம் வீட்டுப் பராமரிப்புச் சேவை ஒன்றைப் பற்றி

ராமநாதபுரம் டவுனில் அலுவலகம் வைத்து, தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், பாலம் தாண்டி ராமேஸ்வரத்துக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு சேவையைப் பற்றியது இது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிள்ளைகள் துபாயிலோ சவூதியிலோ இருக்க, வீட்டில் உம்மாவும் வாப்பாவும் மட்டும் இருக்கிற குடும்பங்கள்தான் இவர்களுக்கு முக்கிய வாடிக்கை. பக்கவாதம் வந்து படுத்தவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், மறதி நோய் உள்ளவர் என எல்லாருக்கும் ஆள் தருகிறார்கள். பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம், வீட்டோடு தங்கும் 24 மணி நேரம் என்று மூன்று பேக்கேஜ்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுந்து நடமாடுகிறவருக்குக் கைத்துணையாக ஒரு ஆள் வேண்டும் என்றால் பகல் பேக்கேஜ் கொடுக்கிற காசுக்குத் தகும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவருக்கு 24 மணி நேரப் பேக்கேஜை எடுக்க வேண்டாம். வருகிற ஆளின் மேல் குற்றமில்லை, கணக்கே உதைக்கிறது.

புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாளைக்கு 12 தடவை. திருப்பி, டயப்பர் நனைந்திருக்கிறதா பார்த்து, துடைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து முடிக்க 15, 20 நிமிஷம் ஆகிவிடும். ராத்திரி முழுக்க ஒரே ஆள் இதைச் செய்தால் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடைக்காது. பகலிலும் அதே ஆள்தான். முதல் இரண்டு ராத்திரி எப்படியோ சமாளிப்பார். மூன்றாம் ராத்திரி தூங்கிவிடுவார். யாராக இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள்.

அது பதிவு நோட்டில் அப்படியே தெரிகிறது. நேரம், படுத்த பக்கம், உணவு, சிறுநீர் அளவு, கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு. பகல் பக்கத்தில் 11.10, 1.25, 3.05 என்று நேரங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. ஓரிடத்தில் கஞ்சி சிந்திய கறை, நடுவில் பேனா மாறியிருக்கிறது. அப்படி இருந்தால்தான் அது நிஜ நோட்டு. இரவுப் பக்கத்தில் 12.00, 2.00, 4.00, 6.00. நாலும் ஒரே மை, ஒரே சாய்வு. இடது, வலது, இடது, வலது. விடிந்த பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. மேற்பார்வை நர்ஸ் அதன் மேல் டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே நோட்டை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். காலையில் வால் எலும்புப் பக்கம், இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், தோள்பட்டைப் பின்புறம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கறுத்த நிறத்தவர்களின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, வீக்கம், கெட்டித்தன்மையைப் புறங்கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்ப்பதும் ஸ்பிரிட் தடவுவதும் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டும் கெடுதல். தேய்த்தால் உள்ளே நைந்திருக்கிற திசு இன்னும் நைந்துபோகும்; ஸ்பிரிட் தோலை உலர்த்தும். உட்கார வைக்கக் காற்றடைத்த வளையமும் வேண்டாம். அது விளிம்பில் அழுத்தி, நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். குதிகாலுக்குக் கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்க விட்டால் போதும்.

காற்று மெத்தையை இவர்களே வாடகைக்குத் தருகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் மெத்தை போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று ஆளும் நினைக்கிறார், வீட்டாரும் நினைக்கிறார்கள். மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். பம்பில் இருக்கும் திருகை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். 45 கிலோ ஆச்சிக்கு 100 கிலோவில் வைத்தால் பலகையில் படுத்த மாதிரிதான். சரியா என்று பார்க்க, மெத்தைக்கு அடியில் இடுப்புக்கு நேராக உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் பம்ப் நின்று மெத்தை மெல்ல இறங்கும். இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல்லி இவர்கள் சொல்வதே இல்லை.

கட்டிலில் இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வாடகைக் கட்டிலின் தலைப்பக்கத்தைக் கைப்பிடி சுற்றித்தான் உயர்த்த வேண்டும். உப்புக் காற்றில் அந்தத் திருகு துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பிறகு யாரும் சுற்றுவதில்லை. தலைக்கு இரண்டு தலையணை வைத்துவிட்டு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுகிறார்கள். கழுத்து மட்டும் மடங்குகிறது, வயிறு அமுங்குகிறது, கஞ்சி மேலே ஏறி மூச்சுக் குழாய்க்குள் போனால் நிமோனியா. உடம்பும் மெல்லக் கீழே சறுக்கி, வால் எலும்பின் மேல் தோல் இழுபடுகிறது. புண்ணுக்கு அழுத்தத்தைப் போலவே இந்த இழுவையும் காரணம். மாதம் ஒருமுறை திருகில் கிரீஸ் வையுங்கள். உயர்த்தும்போது முதலில் முழங்கால் பக்கத்தை, பிறகு தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும்.

உணவு கொடுக்கிற முறை மற்றபடி நன்றாகவே இருக்கிறது, இதைப் பாராட்டியே ஆக வேண்டும். மூக்கு ஓரத்தில் குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். 30 மில்லி தண்ணீர், பிறகு வடிகட்டிய கஞ்சி 200 மில்லி, மறுபடி 30 மில்லி தண்ணீர். பிஸ்டனை அழுத்தாமல் சிரிஞ்சைப் பிடித்துத் தானாக இறங்க விடுகிறார்கள். முடிந்து அரை மணி நேரமாவது படுக்க விடுவதில்லை. இந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் கெட்டிக்காரர்.

சிறுநீர்ப் பையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை: இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, தரையில் படவில்லை, குழாய் போட்ட தேதி பையில் எழுதியிருக்கிறது.

ஊசியில்தான் பயம். ஒப்பந்தத்தில் 'அட்டெண்டர் ஊசி போட மாட்டார்' என்று அச்சடித்திருக்கிறார்கள். நடப்பில் இன்சுலின் போடுவது அவர்தான். வீட்டாரும் அவரை நர்ஸம்மா என்றே கூப்பிடுகிறார்கள். நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இன்சுலினை யார் போட்டாலும், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108-க்குப் போன் போட வேண்டும். இந்தப் பதில் தெரியாத ஆளிடம் இன்சுலினைக் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய ஊசி இவர்களிடம் சமையலறைக் குப்பையில்தான் போகிறது. ஊசி குத்தி வெளிவராத கெட்டியான டப்பாவில் சேர்த்து, மேற்பார்வைக்கு வரும் நர்ஸிடம் ஒப்படைப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதி வாங்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தினமும் வாட்ஸாப்பில் அறிக்கை வருகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பாடு வரை சரி. புண்ணின் போட்டோவைக் குடும்பக் குரூப்பில், மருமகன், சம்பந்தி எல்லாம் இருக்கிற இடத்தில் போடுகிறார்கள். பெற்றவளின் உடம்பு அது. ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.

மாற்று ஆள் விஷயத்தில் இரண்டு மணி நேரத்தில் அனுப்புவோம் என்கிறார்கள். கீழக்கரைக்குச் சரிப்படும். டவுனிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராமேஸ்வரத்துக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நடக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஷிப்ட் மாற்ற ஆளே வராது. கரண்டும் போகும். கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரத்தில் இருப்பவர் என்றால் ஒரு பி-டைப் (நடுத்தர அளவு) ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். அந்த அறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் கூடாது. ஈரப்பத பாட்டிலில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து அடைத்துவிடும், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

இரவுக்குத் தனி ஆள் வைக்கக் காசு போதாது என்றால், பகல் உதவியில் கொஞ்சத்தை அரசிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நிறுவனம் தன் பிசியோ கட்டணத்தைச் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை. அதில் மிச்சமாகும் காசை இரவு ஆளுக்குக் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இவர்கள் ஆள் வீட்டில் இருக்கும்போது நோயாளிக்குப் புதிதாகப் படுக்கைப் புண் வந்தால் 24 மணி நேரத்துக்குள் மேற்பார்வை நர்ஸ் நேரில் வந்து பார்க்க வேண்டும், கட்டணமில்லாமல்.